பாண் மெட்டும் மூடிய கதவும்

பாண் விற்கிறவனுக்குக் குரல் தேவையில்லை, மெட்டு இருந்தால் போதும். கண்ணாடிப் பெட்டி கட்டிய முச்சக்கர வண்டி, உள்ளே தட்டுத் தட்டாகப் பாண், பணிஸ், மீன் வைத்த மாலுபாண், கூரைக்கு மேலே ஓர் ஒலிபெருக்கி. அதிலிருந்து வருகிற அந்த ஒரே மெட்டைத் தெரியாதவர்கள் இந்த நாட்டில் இல்லை. அதை யார் போட்டார்கள், எந்த ஊரில் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என் வண்டி மேடேறும்போது அது கேட்டால் தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் கதவுகள் திறக்கும். அவ்வளவுதான் என் தொழில். ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம் ஒன்றின் கீழ் டிவிசனுக்கும் மேல் டிவிசனுக்கும் நான்தான் பாண்காரன்.

கொரோனாவுக்காக நாட்டைப் பூட்டி வைத்த காலத்தில் வீட்டுக்குள் கிடந்து நீங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வெளியே திரிய அனுமதி இருந்தவன் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். நான் எதையும் திருப்பித் திருப்பி யோசிக்கிற ஆள். மேட்டில் வண்டி மெதுவாகத்தான் போகும் என்பதால் யோசிப்பதற்கு நேரமும் நிறைய.

கடைசித் தட்டில் இடம்

பிரதேச செயலகத்தில் பாஸ் கொடுத்தார்கள். அதில் என் தொழில் அத்தியாவசிய சேவை என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. ஐம்பது வயது தாண்டும்வரை என்னை யாரும் அத்தியாவசியம் என்று சொன்னதில்லை. அதை வண்டிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, பாண் இல்லாவிட்டால் ஜனங்கள் உண்மையிலேயே செத்தா போவார்கள் என்று ஒரு காலைப்பொழுது முழுதும் யோசித்தேன். என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "அரசாங்கமே சொல்லிருச்சி, நீங்க போய் மறுக்காதீங்க" என்றாள்.

டவுன் பக்கத்து ஒழுங்கையில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர் இருக்கிறார். மெட்டுக் கேட்டதும் கேட்டுக்கு வந்துவிடுவார். பாணைப் பார்க்க மாட்டார். சந்தியில் யார் யார் நின்றார்கள், பெல்மதுளைப் பக்கம் மழையா, பலாங்கொடை பஸ் ஏதாவது கண்ணில் பட்டதா என்று விசாரிப்பார். நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்பார். உள்ளேயிருந்து அவர் மனைவி, பாண் வாங்கியாயிற்றா என்று சத்தம் போடும்போதுதான் அவருக்கு நினைவு வரும். ஒருநாள் பெட்டியை இப்படியும் அப்படியும் அளந்து பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "தம்பி, அந்தக் கடைசித் தட்டு காலியாத்தானே இருக்கு. நான் மெலிஞ்ச ஆள்தான்."

சட்டத்தை மதித்த வாளிகள்

இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேல் டிவிசனில் வண்டி நிற்கிற இடத்தில் தலைவர் சந்தனம் சுண்ணாம்பில் வட்டங்கள் போட்டு வைத்தார். அவர் தொழிற்சங்கத் தலைவர், கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். நல்ல வட்டங்கள். ஆனால் அந்த லயங்களில் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் ஒதுங்கிப் போய்ப் பேசிக்கொண்டிருப்பது வழக்கம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதனால் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு வாளி ஒழுங்காக நின்றது. வாளிக்காரர்கள் எல்லோரும் கொய்யா மரத்தடியில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு, கொரோனா எப்படிப் பரவுகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பி.எச்.ஐ. மாத்தயா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. சிங்களவர், நல்ல மனிதர், அந்த மாதங்களில் அவர் தூங்கினாரா என்பதே சந்தேகம். வட்டங்களைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, இது என்ன என்று கேட்டார். கொழுந்து பறிக்கிற பேச்சாயி முன்னால் வந்தார். அந்த டிவிசனில் வாயைத் திறக்க யாருக்கும் பயப்படாதவர் அவர். சிங்களத்திலேயே பதில் சொன்னார்: "எங்க வாளிக்கு ஒண்ணும் வராது மாத்தயா. பாருங்க, எவ்வளவு தள்ளித் தள்ளி நிக்குதுன்னு."

மூக்குக்கு வந்த மெட்டு

ஒரு வாரம் கழித்து பி.எச்.ஐ. மாத்தயா என் வண்டியைச் சந்தியில் நிறுத்தினார். மேல் டிவிசனில் சிலருக்கு இருமல், பரிசோதிக்க வேண்டும், கூப்பிட்டால் ஒருவரும் வருகிறதில்லை, அலுவலக வாகனமும் பழுது, உன் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தருவாயா என்றார். அதிகாரி ஒருவர் 'தருவாயா' என்று கேட்டால் அது கேள்வி இல்லை என்று உங்களுக்குத் தெரியும். போதாததற்கு, நாலு பேருக்கு நல்லது நடக்கட்டுமே என்றும் எனக்குத் தோன்றியது. முன்னால் என் வண்டி, பின்னால் அவர், அதற்குப் பின்னால் வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர். வளைவில் நிறுத்தி அறிவிப்புச் செய்யப் போகிறார் என்று பார்த்தால், அவர் ஒலிவாங்கியைத் தொடவில்லை. மெட்டைப் போடு என்றார்.

நான் போட்டேன். லயமே இறங்கி வந்தது. வாளி, ஓலைப்பெட்டி, சீலைத்துணி எல்லாம் கையில். வந்தவர்களை வெள்ளை உடுப்புக்காரர்கள் அன்பாக நாற்காலியில் உட்கார வைத்து, மூக்குக்குள் நீளக் குச்சியை விட்டார்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பேச்சாயி கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "மூக்கில குத்தணும்னா குத்திட்டுப் போங்க அண்ணே, அதுக்கு எதுக்கு மாலுபாண் மெட்டு?"

நாய்கள் மட்டும் வந்தன

பரிசோதனையில் பேச்சாயியின் கணவர் முனியாண்டிக்குத் தொற்று என்று வந்தது. அவரைச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோக ஒரு பஸ் வந்தது. மேல் டிவிசன் லயங்களைக் கயிறு கட்டி மூடினார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பாண் விற்கலாம் என்று எனக்கு அனுமதி இருந்தது. மெட்டைப் போட்டேன். கதவுகள் திறப்பதற்குப் பதிலாகப் படபடவென்று மூடின. ஜன்னல்களும் மூடின. வாசலில் விளையாடின சின்னதுகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். நாய்கள் மட்டும் வழக்கம்போல வந்து வாலை ஆட்டின. கயிற்றை அவிழ்த்த பிறகும் அப்படியேதான். மெட்டுக் கேட்டால் குச்சி வரும், குச்சிக்குப் பின்னால் பஸ் வரும் என்று அவர்கள் மனதில் பதிந்துவிட்டது.

என் பாணில் பாதிக்கு மேல் போவது மேல் டிவிசனில்தான். மிஞ்சினதைத் திருப்பிக் கொண்டுபோனால் பேக்கரி முதலாளியின் முகம் சுருங்கும்; முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். நல்ல மனிதர், ஆனால் மாவு அவருடையது. பெல்மதுளைப் பக்கத்திலிருந்து இன்னொரு வண்டிக்காரர் அந்தத் தோட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொன்னார். இந்த மாதம் முடியும்வரை பார்ப்பாராம், அதற்குப் பிறகு மேலே யார் போவது என்று முடிவு செய்வாராம். நான் அவரிடம், என் மேல்தான் பிழையா, மெட்டு மேல் பிழையா என்று கேட்டேன். நானா திரும்பி வந்த பாணில் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிக் காட்டினார். "பிழ யார்டண்டு எனக்குத் தெரியா தம்பி. ஆனா இந்தப் பாண் நாளைக்குக் கல்லு."

பஸ்ஸில் இருந்து இறங்கியவர்

முனியாண்டி குணமாகித் திரும்பிய அன்று நான் சந்தியில் இருந்தேன். பஸ்ஸில் இருந்து அவர் இறங்கியபோது முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் உப்பி, வயிறு வைத்து, கையில் புது சவர்க்காரமும் துவாயுமாகப் பெண் வீட்டுக்கு விருந்துக்குப் போய் வந்த மாப்பிள்ளை மாதிரி நின்றார். அவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று நான் பல நாள் யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, என்னால்தானே உங்களுக்கு இவ்வளவு சிரமம் என்று மட்டும் சொன்னேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மலை வேலை இல்லாமல், யாரும் எழுப்பாமல், மூன்று வேளையும் சாப்பாடு கையில் வந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். பேச்சாயிதான் ஒரு பாட்டம் அழுது, அம்மனுக்கு நேர்ந்து வைத்திருக்கிறாராம், கோயில் பூட்டிக் கிடப்பதால் அது பாக்கி நிற்கிறதாம். மேட்டில் இரண்டடி ஏறியவர் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி நின்றார். "கோவிச்சுக்காதீங்கண்ணே, அங்க குடுத்த பாண் உங்க பாணைவிட மெதுமெதுன்னு இருந்திச்சி."

பாட்டை மாற்றிய கதை

மெட்டைக் கேட்டால்தானே மூடுகிறார்கள், மெட்டை மாற்றுங்கள் என்றாள் வீட்டுக்காரி. முதலில் மணி அடித்துப் பார்த்தேன். ஐஸ்கிரீம் வந்துவிட்டது என்று பிள்ளைகள் ஓடி வந்து, பாணைக் கண்டு அழுதார்கள். வாயால் கூவிப் பார்த்தேன். முகக்கவசத்துக்குள்ளே என் குரல் யாரோ கிணற்றுக்குள் விழுந்த மாதிரிக் கேட்டது. கடைசியில் வீட்டுக்காரி தன் கைப்பேசியில் இருந்து ஓர் அம்மன் பாட்டை எடுத்துத் தந்தாள். பக்திப் பாட்டுக்கு யார் கதவை மூடப் போகிறார்கள் என்று நானும் போட்டுக்கொண்டு மேடேறினேன். அது என்ன மாதம் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

அது தோட்டத்தில் திருவிழா நடக்க வேண்டிய மாதம். மற்ற வருஷங்களில் கீழ் டிவிசன் கோயிலில் இருந்து தேர் புறப்பட்டு லயம் லயமாக வரும். ஒவ்வொரு வாசலிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, நிறைகுடம் வைத்து, தாம்பாளத்தோடு காத்திருப்பார்கள். அந்த வருஷம் கூட்டம் கூடத் தடை, கோயிலுக்குப் பூட்டு, தேர் இல்லை. அப்படி இருக்கிற மேல் டிவிசனுக்குள் அம்மன் பாட்டு வளைவு திரும்பிக் கேட்டால் என்ன ஆகும்? ஆத்தா எப்படியோ வந்துவிட்டாள் என்று லயமே வாசலுக்கு வந்தது. குலவைச் சத்தம் மலையில் எதிரொலித்தது. என் முன் கண்ணாடியில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. வைப்பர் போடுவதற்குள் முன் சக்கரத்தடியில் யாரோ தேங்காய் உடைத்துவிட்டார்கள்.

கண்ணாடி தெளிந்தது. பெட்டிக்குள் கிம்புலா பணிஸ்கள் முதலை வடிவத்தில் வரிசையாகப் படுத்திருந்தன. குலவை நின்றது. நான் பாட்டை நிறுத்தினேன். பேச்சாயி கையில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆத்தா வர்றான்னு கூப்பிட்டுட்டு முதலை பணிஸைக் கொண்டாந்து நிறுத்துறீங்களே, உங்களுக்கு அவ மேலயும் பயமில்ல, எங்க மேலயும் பயமில்ல."

பெரிய ஆள் வருகிறார்

அன்று பின்னேரம் தலைவர் சந்தனம் தொலைபேசியில் கூப்பிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் அமைதியாக இருந்தது. வண்டி முன்னால் தேங்காய் உடைத்தாகிவிட்டது, உடைத்த தேங்காயை ஒட்ட வைக்க முடியாது, ஆகவே அந்த வண்டியில் ஆத்தா வந்தே ஆக வேண்டும் என்றார். தோட்டத்தில் பாஸ் உள்ள வண்டி என்னுடையது ஒன்றுதான். பூசாரி அம்மனின் பித்தளை முகத்தைத் தருவார். ஆட்கள் கூட மாட்டார்கள், அவரவர் வாசற்படியில் நிற்பார்கள். நீங்கள் ஆத்தாவைக் கொண்டுவாருங்கள், கதவு திறக்கிறதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு வேண்டியதும் அந்தக் கதவுதான். ஆனால் என் பாஸ் பாணுக்கு மட்டும். வழியில் பிடித்தால் பாஸ் போகும். பாஸ் போனால் மேல் டிவிசன் மட்டுமல்ல, கீழ் டிவிசனும் போகும். போகாவிட்டால் மாத முடிவில் மேல் டிவிசன் பெல்மதுளைக்காரருக்கு. இரண்டு நாள் யோசித்தேன். யோசித்து முடிவுக்கு வந்ததாகச் சொல்ல முடியாது. வீட்டுக்காரி வண்டியைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொரு சிக்கல் இருந்தது. அம்மன் உட்காரப் போவது மாலுபாண் வைக்கிற பெட்டியில். மஞ்சள் போட்டுக் கழுவினாலும் மீன் வாசனை லேசில் போகாது, அன்றைக்கு மாலுபாண் ஏற்றவும் கூடாது. இதை ஒரு முஸ்லிம் பேக்கரிக்காரரிடம் எப்படி விளங்கப்படுத்துவது என்று விடியும் முன்பே போய் வாசலில் தயங்கிக்கொண்டு நின்றேன். நானா உள்ளேயிருந்து புதுத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாம் சீனி பணிஸ். தலைவர் அவரிடமும் பேசியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. "மீனும் இல்ல, முட்டையும் இல்ல, தட்டும் புதுசு. பெரிய ஆள் வாராங்கண்டு கேள்விப்பட்டா நாங்களும் மரியாத செய்யத்தானே வேணும்."

பாஸில் எழுதாதது

கீழ் டிவிசனில் இருந்து மேல் டிவிசனுக்கு வண்டி போக வேண்டுமானால் மெயின் ரோட்டுக்கு இறங்கித்தான் ஏற வேண்டும். சந்தியில் பொலிஸ் காவல். நடுத்தட்டில் செவ்வந்திப் பூவுக்கு நடுவே அம்மன் முகம், மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் பணிஸ். சார்ஜன்ட் தினமும் என்னிடம் மாலுபாண் வாங்குகிறவர். வழக்கம்போலப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவர் கை நீட்டினபடியே நின்றுவிட்டது.

"மே கவுத?" என்று கேட்டார், இது யார் என்று. நான் பதில் தேடுவதற்குள், சிங்கள ஆட்கள் கும்பிடுகிற பத்தினி தெய்வமா என்று அவரே கேட்டார். இல்லை என்றால் பொய்யா, ஆம் என்றால் பொய்யா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு கண்ணாடியில் ஒட்டியிருந்த பாஸை முதல் வரியில் இருந்து கடைசி வரிவரைக்கும் வாசித்தார். நான் அம்மனைப் பார்க்கவில்லை, அவர் விரல் எந்த வரியில் போகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்துத் தொப்பியை மாட்டிக்கொண்டு சொன்னார்: "ஆட்களை ஏத்தக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு, தெய்வத்தைப் பத்தி ஒண்ணும் போடல்ல. போ, மேட்டில குலுக்காமப் போ."

எந்தப் பாட்டு?

மேல் டிவிசன் வளைவுக்கு வந்தபோது பி.எச்.ஐ. மாத்தயாவின் மோட்டார் சைக்கிள் கொய்யா மரத்தடியில் நிற்பதைக் கண்டேன். அம்மன் பாட்டைப் போட்டால் திருவிழா நடத்துகிறேன் என்று அவர் வழக்கே போடலாம். பாண் மெட்டைப் போட்டால் கதவு மூடும். எதையும் போடாமல் போனால் யாருக்கும் தெரியாது. ஐந்தாறு வழி யோசித்தும் ஒன்றும் சரியாக வரவில்லை. என் பாஸ் பாணுக்கு, என் மெட்டும் பாணுக்கு என்று கடைசியில் அதையே போட்டேன். வழக்கம்போலக் கதவுகள் மூடின. தலைவர் எல்லோரிடமும் சொல்லித்தான் வைத்திருந்தார். ஆனால் ஒரு தடவை குச்சியும் ஒரு தடவை முதலை பணிஸும் கண்டவர்கள் மூன்றாம் தடவை எப்படி நம்புவார்கள்? அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

மெட்டை நிறுத்தினேன். இறங்கிப் போய்ப் பெட்டிக் கண்ணாடியைத் திறந்துவிட்டு, பூசாரி தந்த கைமணியை ஆட்டினேன். பேச்சாயியின் ஜன்னல் ஒரு விரலளவு திறந்தது. பிறகு கதவு முழுதாகத் திறந்தது. அவர் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. அங்கேயே நின்று, நேர்ந்து வைத்த மாவிளக்கை இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினார். முனியாண்டி படியிலேயே தேங்காய் உடைத்தார். நான் திருநீறையும் ஒரு சீனி பணிஸையும் இலையில் வைத்து நீட்டினேன். பேச்சாயி வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த கதவு திறந்தது, அதற்கடுத்தது. நான் எஞ்சினை நிறுத்தி வண்டியை வாசல் வாசலாகத் தள்ளிக்கொண்டு போனேன். ஒருவரும் படி இறங்கவில்லை. நாடு முழுதும் அப்படி இடைவெளி விட்டிருந்தால் நோய் எப்போதோ ஓடியிருக்கும். லயத்துக் கோடியில் பி.எச்.ஐ. மாத்தயா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தொழில் முடிந்தது என்று நினைத்தேன். அவர் வண்டிக்குள் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், ஒரு பணிஸும் எடுத்துக்கொண்டார். அதைக் கடித்தபடி என்னிடம் சிங்களத்தில் குறைப்பட்டுக்கொண்டார்: "நானும் இதே மெட்டைத்தானே போட்டேன். எனக்கு ஒருத்தரும் தேங்காய் உடைக்கல்லையே."

மறுநாள்

ஆத்தாவுக்குத் திறந்த கதவு எனக்கும் திறந்ததாக ஆகுமா? அம்மனைக் கோயிலில் இறக்கிவிட்டு வரும்போதே இந்தக் கேள்வி தொடங்கிவிட்டது. மறுநாள் பழையபடி பாண், பணிஸ், மாலுபாண் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனேன். பேக்கரி நானா கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றினார். மிஞ்சினால் அதுதான் கடைசி என்று இரண்டு பேருக்கும் தெரியும். மேடேறும்போது மெட்டைப் போட விரல் போகவில்லை. வளைவில் வண்டியை நிறுத்தி, இறங்கி, டயரை உதைத்துப் பார்த்து, திரும்ப ஏறி, அப்புறம்தான் போட்டேன். எந்தக் கதவும் படபடக்கவில்லை.

வளைவு திரும்பினேன். மழையில் பாதி அழிந்துபோன சுண்ணாம்பு வட்டங்களுக்குள் வாளிகள் நின்றன. ஆட்கள் கொய்யா மரத்தடியில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் வட்டத்தில் நின்றது பேச்சாயியின் நீல வாளி. அவர் அதை எடுத்துக்கொண்டு வந்து, பெட்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "மாலுபாண் இருக்குல்ல அண்ணே? ஆத்தா வந்தது சந்தோசந்தான், ஆனா நேத்து வாய் நமநமன்னு போயிருச்சி."

இன்றைக்கும் அந்த மெட்டு மேல் டிவிசனில் கேட்டால் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார், ஒருவர் அவசரமாக மூக்கைப் பொத்திக்கொள்கிறார், மற்றவர்கள் வாளியோடு வருகிறார்கள். யார் எதை நினைத்துக் கதவைத் திறக்கிறார்கள் என்று யோசிப்பதை மட்டும் நான் விட்டுவிட்டேன், ஏனென்றால் மாலுபாண் அதற்குள் தீர்ந்துவிடுகிறது.